பாலத்துக்கு அடித்த சுண்ணாம்பு

1

நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்காருங்கள், கண்ணுகளா. எனக்குக் குரல் சிறுத்துவிட்டது, கதை சிறுக்கவில்லை. ஒரு பழைய ரயிலையும், அது ஓடியே ஆகவேண்டிய நாளில் அதை நிறுத்திய ஒருத்தியையும் பற்றிச் சொல்லப் போகிறேன்.

உண்மையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. வெளியூர் போன இடத்தில் முழங்கால் வலி. ரயில் நிலையத்துக் கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். சட்டமன்ற ஆய்வுக் குழுவின் விசாரணைக்காகப் போட்டவை என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்திருக்கக் கால் விடவில்லை. அப்புறம் காது விடவில்லை.

2

எப்படித் தொடங்குவது?

"கருமேகங்கள் திரண்ட அந்தக் காலையில், இரும்புச் சக்கரங்கள் தம் விதியை எண்ணி..."

(அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.)

"மக்களாட்சியில் ஓர் ஆணையம் என்பது..."

(எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் இதில் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். மலையேறும் அந்த நீராவி ரயில் பொதுச் சொத்து. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆணையம். ஆணையம் சரியாகப் பார்த்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் குழு. அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் ஆணையத்தைக் கலைத்துவிட்டு ரயிலை ஏலம் விடுவார்கள். எடுப்பவர் என்ஜினைப் பூங்காவில் நிறுத்திவைப்பாரே தவிர ஓட்டமாட்டார். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டது.)

"ஆணையத் தலைவியை எல்லாரும் 'பார்த்துட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்."

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

எதைக் கேட்டாலும் "நேர்ல பார்த்துட்டுச் சொல்றேன்" என்பாராம். கழிப்பறைக்குப் புதுக் கதவு வேண்டுமென்றால், போய்ப் பழைய கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் தன் புகைப்படத்தைக் காட்டியபோதும் இதையேதான் சொன்னாள் என்று அவர் வீட்டுக்காரரே சொல்லிச் சிரிப்பாராம்.

வழியில் ஒரு கல் பாலம். அதன் தூணில் பழைய விரிசல் ஒன்று. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்திருந்தார்கள். விரிசல் இம்மி அகன்றாலும் கண்ணாடி முறிந்துவிடும். தினமும் யாராவது போய், கண்ணாடி முழுசாக இருப்பதைப் பார்த்த பிறகே வண்டி கிளம்பும்.

குழு வருகிறது என்றதும் நிலையம் கல்யாண வீடாகிவிட்டது. பித்தளை துலக்கினார்கள், பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெள்ளையடிப்பவர் வந்து, பாலத்துக்கும் அடிக்கவா என்று கேட்டார். அக்கா தலைக்குமேல் வேலையில் இருந்தார். அந்த ஒரு தடவை போய்ப் பார்க்கவில்லை.

"அதையும் சேர்த்து அடிச்சிடுங்க."

இரண்டு பூச்சு. விரிசலும் தெரியவில்லை, கண்ணாடியும் தெரியவில்லை.

4

[இந்தப் பகுதியில் நான் இல்லை. அன்றே கூடத்தில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்ஜின் ஓட்டுபவர் சொன்னது.]

குழுவினர் ஐந்து பேரும் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். பாலம்வரை நடந்து போன அக்கா திரும்பி வந்தார். முகம் சரியில்லை. நேராக என்ஜினுக்கு வந்து, கண்ணாடி சுண்ணாம்புக்கு அடியில் மறைந்துபோன விஷயத்தைச் சொன்னார்.

"ஊர்ந்தே போயிடலாம்க்கா. இத்தனை வருஷம் நின்ன பாலம், இன்னைக்கா விழப்போகுது?"

"விழாதுன்னுதான் நானும் நெனக்கிறேன்."

"அப்புறம் என்ன?"

"நெனப்பை வச்சு ஆளை ஏத்த முடியாதுடா தம்பி."

கொதிகலனில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம் என்றும், பழியைத் தான் ஏற்பதாகவும் ஓட்டுபவர் சொல்லிப் பார்த்தாராம். அக்கா அதற்குள் பெட்டியை நோக்கி நடந்துவிட்டார்.

5

இனி குழுத் தலைவர். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று இவருக்கு முறுக்கு மீசையும் இடிக்குரலும் கொடுத்து ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். மழமழவென்று மழித்த முகம். மரப்பலகை இடுப்புக்கு ஆகாதென்று வீட்டிலிருந்தே ஒரு மெத்தை கொண்டு வந்திருந்தார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன வில்லத்தனம் செய்வது?

ஆனால் வண்டியிலிருந்து இறங்கிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்ட கேள்வி கூர்மை. எங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரியத்தானே பாலத்துக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள் என்று கேட்டார். ஆமாம், சொன்னது நான்தான், வெள்ளையடித்தவர் என்னைக் கேட்டுத்தான் அடித்தார் என்றார் அக்கா.

ஓர் இளைய உறுப்பினர் பேனாவை மூடினார். "அப்போ உங்க ஆணையத்தை எதை நம்பி நாங்க வச்சிருக்கணும்?"

"இன்னைக்கு எங்களை நம்ப வேண்டாம்," என்றார் அக்கா. "நானே சுரண்டிட்டு வந்து கண்ணாடி முழுசா இருக்குன்னு சொன்னா, அதையும் நம்பித்தானே ஆகணும்? பாலம் பக்கத்துலதான். நேர்ல பார்த்துட்டுச் சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். தலைவரும் எழுந்தார். போகிற போக்கில் என் காலைப் பார்த்து, மெத்தையை என்னிடம் நீட்டினார். "முட்டிக்கு வச்சுக்கங்கம்மா, வந்துடறேன்."

6

திரும்பி வந்தபோது ஐந்து பேர் நகக்கண்ணிலும் சுண்ணாம்பு. முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. தலைவர் உட்கார்ந்தார். ஆணையம் தொடரலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று சொல்லத் தொண்டையைச் செருமியபோது, என் மருமகள் வாசலில் வந்து நின்றாள். "எங்கெல்லாம் தேடுறது அத்தே? பஸ் போயிடும்." மெத்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு முடிவு எழுதினேன். கண்ணாடி முழுசாக இருந்தது, ஐந்து கைகளும் உயர்ந்தன, என்ஜின் கூவியது. படிக்க நன்றாகத்தான் இருந்தது, புதுச் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று. இன்னொன்றில் கண்ணாடியை முறித்தேன். அக்கா இல்லாவிட்டால் நாம் எங்கே கிடந்திருப்போம் என்று ஐந்து பேரும் வாயடைத்து நின்றார்கள். அதுவும் பூச்சுதான். அவர்மேல் எனக்கு அத்தனை ஆசை; என் கையில் விட்டால் அவரை ஜெயிக்கவைத்துவிடுவேன்.

நேரில் பார்க்காததை நான் எப்படிச் சொல்வேன், கண்ணுகளா? அந்த இடத்தைப் பூசாமல் விட்டுவைக்கிறேன். ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா நிற்கிறார். கையைத் தூக்குவதோ மடியிலேயே வைத்துக்கொள்வதோ இனி உங்கள் பாடு.

நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் சௌக்கியமாக இருங்கள். வீடு என்றால் எங்காவது விரிசல் விழத்தான் செய்யும். அதைப் போய்ப் பார்க்கிற கண்ணும், பார்த்ததை வந்து சொல்கிற வாயும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.