சந்தனம் இல்லாத பொட்டு

வனஜாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், மகன் பாஸ்கரனின் குரல். மஞ்சள் காமாலையில் போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி விளையாட்டாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தான் பிள்ளை.

"அப்பா ஃபேக்டரில டேங்கு செய்றாரு, அம்மா ஊட்ல மீன் கொழம்பு செய்றாங்க. ரெண்டுக்கும் எதிர்ல எவனும் நிக்க முடியாது." அப்புறம் ஒரு சிரிப்பு.

ஆவடி குவார்ட்டர்ஸில் தினமும் அதைப் போட்டுக் கேட்பாள். ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றுபோனது. அம்பத்தூரில் ஜேசுராஜ் என்பவரின் கடையில் பழுதுபார்க்கக் கொடுத்தாள். திரும்பி வந்தது, ஓடியது. குரல் மட்டும் இல்லை.

"ஹார்ட் டிஸ்க்கு அதேதான்க்கா. உள்ள கீறதுதான் அழிஞ்சிபோச்சு" என்றார் ஜேசுராஜ்.

பாஸ்கரனின் சிநேகிதன் சுலைமானுக்குக் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபில் வேலை. அவனைக் கூப்பிட்டாள்.

"அதே டிஸ்க்குன்னா மீட்டுப் பாக்கலாம்மா. வேறன்னா ஒண்ணும் பண்ண முடியாது."

"அதேதாம்ப்பா. தொறந்து பாரு, என் பொட்டு இருக்கும்."

ஆயுத பூஜையன்று பாஸ்கரன் பெட்டியைத் திறந்து, "இதான்மா மூளை, இதுக்குப் பொட்டு வை" என்று ஹார்ட் டிஸ்க்கைக் காட்டியிருந்தான். இப்போது சுலைமான் திறந்தான். குங்குமம் இருந்தது. வனஜாவுக்கு மூச்சு வந்தது.

அவன் கையோடு கொண்டுவந்த சிடியைப் போட்டுக் கம்ப்யூட்டரைக் கிளப்பி, கறுப்புத் திரையில் hdparm -I /dev/hda என்று தட்டினான். கேட்டால் டிஸ்க் தன் பேரையும் நம்பரையும் அளவையும் தானே சொல்லும். படித்துவிட்டு இன்னொரு முறை தட்டிப் பார்த்தான்.

"இன்னாப்பா சொல்லுது?"

"நாலு ஜிபின்னுதும்மா. நானும் அவனும் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினது ரெண்டு ஜிபி."

"பெருசாயிருக்குமா?"

"டிஸ்க்கு வளராதும்மா."

வனஜா குனிந்து பொட்டைப் பார்த்தாள். "சந்தனம் எங்க? சந்தனம் வெக்காம நான் குங்குமம் வெக்க மாட்டேனே."

இருவரும் கடைக்குப் போனார்கள். ஜேசுராஜ் தலை நிமிரவில்லை.

"பூக்கடைல குங்குமம் வாங்கி நாந்தான் வெச்சேன்க்கா. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, அடியில காஞ்சிருந்தது சந்தனம்னு தெரியல. உங்க டிஸ்க்கு கரண்ட் குடுத்ததுமே டக்கு டக்குன்னு அடிச்சிகினு செத்துப்போச்சு. புள்ளைய பறிகுடுத்தவங்ககிட்ட இத்த எப்டி சொல்றது? என்னுத போட்டுட்டேன்."

கோபம் வரவேண்டிய இடம்தான், கண்ணுகளே. அவளுக்கு வரவில்லை. மேசை இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்த அவளுடைய டிஸ்க்கை அவர் எடுத்துக் கொடுத்தார். சந்தனம் காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம்.

வீட்டுக்கு வந்ததும் சுலைமான் அதை மாட்டினான். டக், டக். அதே வரியைத் தட்டினான். பேர் வந்தது, நம்பர் வந்தது, ரெண்டு ஜிபி என்று வந்தது. அதற்கு மேல் எதைத் தட்டியும் படிக்க முடியவில்லை என்றே பதில்.

"இதான்மா நம்மளுது. பேரு மட்டும் சொல்லுது. உள்ள இருக்கறத தர மாட்டேங்குது."

வனஜா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேரு கேட்டியே, அத இன்னொரு தபா கேளுப்பா."

சுலைமான் கேட்டான். டக், டக் என்று அடித்துக்கொண்டே அது மறுபடியும் தன் பேரைச் சொன்னது.