பால்மேல் போட்ட பழி

என் மனைவி ரோசம்மாவின் வயிற்றுவலிக்கு, உள்ளூர் டாக்டர் ஒரு சோதனையும் செய்யாமல், "பால் பிடிக்காத வயிறாக்கும், நிறுத்துங்க" என்றார். இரண்டு வருடம் பால் விடாத கட்டன்சாயா மட்டும் குடித்தாள். வலி நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில்தான் பால்சர்க்கரை கரைத்துக் கொடுத்து, மூன்று மணி நேரம் அவ்வப்போது குழாயில் ஊதவைத்து மூச்சைச் சோதித்தார்கள். பால் அவளுக்கு ஒத்துக்கொண்டது. ஸ்கேனில் குடலில் முற்றிய கட்டி தெரிந்தது.

திரும்பும் வழியில், பாறசாலையில் பஸ் இறங்கியதும் சாயாக்கடைக்காரரிடம் சொன்னாள்: "அண்ணா, பால் நெறைய விட்டு ஒரு சாயா. இனி ஆரும் தடுக்காண்டாம்."

நான்கு மாதத்தில் போய்விட்டாள். அடக்கம் முடிந்து, சாவு வீட்டு வழக்கப்படி கட்டன்சாயா கொடுத்துக்கொண்டிருந்த என் அக்கா ஸ்டெல்லா, "கடைசீல பால் குடிச்சதாலயாக்கும் இப்படி" என்றாள்.

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"எக்கா, சோதிக்காம சொன்ன அந்தப் பொய்ய இங்க விளம்பாத. அடுப்புல பால வை. இண்ணு எல்லாருக்கும் பால்சாயாதான்."