ராய்ஸின் கோட்டு

"எங்க ராய்ஸ மண்ணுக்குள்ள வெச்ச அதே வாரம், அவன் எழுந்து வந்து என்னோட சமையலறையில டான்ஸ் ஆடினான். ரெண்டு பாட்டு முழுசா. மூணாவது பாட்டுக்கு எனக்குத்தான் மூச்சு வாங்கிருச்சு. அவனுக்கு வாங்கல."

டோரீன் இதைச் சொல்லிக் கேட்காத காது பிட்டர் கிரீக் ஊரில் மனிதர்களுக்கும் கிடையாது, மாடுகளுக்கும் கிடையாது. தபால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரை ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் கடிதத்தோடு சேர்த்து இதையும் போட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவாள். ஓய்வு பெற்ற பிறகு நேரம் தாராளமாகிவிட்டது, கதைக்குச் சதையும் போட்டுவிட்டது. மொன்டானாவின் கிழக்குக் கோடியில் அடிக்கிற காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் சொன்ன ஜெபம் புதன்கிழமைதான் பக்கத்து ஊரில் போய் விழும். அப்படிப்பட்ட காற்றே டோரீனின் கதையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் திணறியது. தீவனக் கடையில் சிரிப்பார்கள், தேவாலயத்து வாசலில் சிரிப்பார்கள். "புருஷன் போயிட்டா சில பேரு குடிப்பாங்க. நம்ம டோரீன் புளுகுறா. ஈரலுக்கு நல்லது" என்பார்கள்.

சிரிக்காத ஆள் ஒருவன்தான். ராய்ஸின் அண்ணன் வெண்டல். அதே பண்ணையில், முற்றத்துக்கு அந்தப் பக்கத்து வீடு. பனி மூன்றடி என்று யாராவது சொன்னால் இரண்டே கால் என்பான். கல்யாண வீட்டில் மணப்பெண் அழகாக இருக்கிறாள் என்றால், நேற்று பரவாயில்லாமல் இருந்தாள் என்பான். தினமும் காலையில் டோரீனின் சமையலறை மேசையில் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு காப்பி குடிப்பான். நடனக் கதை வந்தால் மட்டும் கோப்பையைக் கீழே வைப்பான்.

"நடக்கல, டோரீன். நீ நாலு நாளா பட்டினி. காய்ச்சல் வேற. கனவு கண்டிருக்க."

"கனவுல வர்றவன் பூட்ஸ் போட்டுட்டு வருவானா?"

"கனவுல எதப் போட்டுட்டு வேணா வரலாம்."

பேச்சு அங்கே நின்றுவிடும். ஒன்பது வருஷமாக அங்கேயேதான் நின்றது. ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: இவ்வளவு பெருமையடிக்கிற டோரீனுக்கே அது நடந்ததா என்று தெரியாது.

மார்ச் மாதம் அது, மாடுகள் கன்று ஈனுகிற பருவம். அந்தப் பருவத்தில் இந்தப் பக்கத்தில் யாருக்கும் சாக நேரம் கிடையாது, அழவும் கிடையாது. பனிப்புயலில் ஒரு கிடாரியைத் தேடிப்போன ராய்ஸின் குதிரை பனிக்கட்டியில் சறுக்கி அவன் மேலேயே விழுந்தது. பிறந்த கன்றுகளை வயலிலிருந்து இழுத்துவரும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில்தான் வெண்டல் தம்பியைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தான். ராய்ஸ் நெடியவன். கால்கள் பலகைக்கு வெளியே நீண்டு பனியில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டே வந்ததை டோரீன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். தரை இரும்பாக உறைந்து கிடந்தது. வைக்கோலைக் கொளுத்தி ராத்திரி பகலாக மண்ணை இளக்கிய பிறகுதான் குழி வெட்ட முடிந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் பாதிப் பாட்டிலேயே கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவரவர் தொழுவத்தில் அவரவர் மாடு முக்கிக்கொண்டிருந்தது.

பிறகு டோரீன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த மாட்டுக்கறித் தட்டுகள் குளிர்பெட்டியில் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. எதையும் தொடவில்லை. இன்னும் ஒரு வாரம் அப்படியே போயிருந்தால் இளக்கிய மண்ணை வீணாக்காமல் பக்கத்திலேயே இன்னொரு குழி எடுத்திருப்பார்கள். இதை மட்டும் அவள் ஊரில் சொன்னதில்லை. மிகையில்லாமல் சொல்ல வேண்டியிருந்த விஷயம் என்பதால் சொல்ல வரவில்லை.

ஜன்னல் வழியே அவள் ஒன்று பார்த்தாள். புயலில் ஒரு பசுவின் கன்று செத்துப்போயிருந்தது. வேறொரு கன்றுக்குத் தாய் இல்லை. வெண்டல் செத்த கன்றின் தோலை உரித்து, கால் நுழைக்க ஓட்டை போட்டு, அநாதைக் கன்றுக்குச் சட்டைபோல மாட்டிக் கயிற்றால் கட்டினான். பசு முகர்ந்தது, உதைத்தது, மறுபடி முகர்ந்தது. தன் கன்றின் வாசனை அடித்ததும் அசையாமல் நின்றது. கன்று மடியைப் பிடித்தது. சில நாள் போனதும் தோலை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் குடித்த பாலே கன்றின் மேல் வாசனையாக ஏறிவிடும். பசு அப்புறம் அதை விடாது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் சமையலறைக் கதவு திறந்தது. மறுபடி புயல் எழுந்து ஜன்னல் கண்ணாடியைப் பனி மூடியிருந்ததால் உள்ளே நீல இருட்டு. ராய்ஸின் கித்தான் கோட்டு உள்ளே வந்தது. கம்பளிக் காலர் காது வரை தூக்கியிருந்தது, தொப்பி புருவம் வரை இறங்கியிருந்தது. குதிரை வியர்வை, டீசல், ராய்ஸ் மெல்லுகிற பச்சைப் புகையிலை, எல்லாம் ராய்ஸின் வாசனை. வந்த உருவம் ஒன்றும் பேசாமல் வானொலியைத் திருகியது, கையுறையோடு கையை நீட்டியது. டோரீன் எழுந்தாள். முகத்தை அந்தக் காலரில் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் முடிந்துவிடும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது.

காலையில் கோட்டு ஆணியில் எப்போதும்போலத் தொங்கியது. டோரீன் ஒரு தட்டு மாட்டுக்கறியைச் சூடுகூடப் பண்ணாமல் நின்றபடியே தின்று தீர்த்தாள். தொழுவத்துக்குப் போய், "நேத்து வந்தது யாரு?" என்றாள்.

வெண்டல் ஒரு கிடாரியின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டிருந்தான். "யாரும் வரல" என்றான்.

கேட்டவளுக்கும் இரண்டாவது தடவை கேட்கிற தைரியம் வரவில்லை. ஆமாம் என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் எப்படிப் பிழைப்பது? அதனால் அதைப் பெருமையாக மாற்றி ஊர் முழுக்க விநியோகித்தாள். தோலைக் கட்டிக்கொண்டு வந்த கன்று, தோலை அவிழ்த்ததும் ஓடிப்போய் முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தினமும் காப்பிக்கு மட்டும் வந்தால் பசு என்னதான் செய்யும்?

ஓய்வு பெற்றதும் ஒரு நாவல் எழுத உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வயதில் முதல் நாவல், அதுவும் கௌபாய் காதல் கதை, அதிலும் ஜாலியான வகை. கேக் கடை வைத்திருக்கும் விதவைக்கும், கடைப் பக்கமே ஆயிரம் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் ஒருவனுக்கும் காதல். அவன் சிரித்தால் பனி உருகும், முறைத்தால் எருது மண்டியிடும். பெயர் 'சேணமும் சர்க்கரையும்'. டென்வரில் ஒரு சின்னப் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. அட்டைப் படத்தில் ஒருத்தன் சட்டையில்லாமல் பனியில் வேலி கட்டிக்கொண்டிருந்தான்.

வெண்டல் அட்டையை வெகுநேரம் பார்த்தான். "இவனுக்கு நிமோனியா வரப்போவுது. கம்பியையும் தலகீழாப் பிடிச்சிருக்கான்."

"அவன் கையை யாருடா பாக்கப் போறா?"

பதிப்பகத்து மரிசாவுக்கு ஒரு அத்தியாயம்தான் தொண்டையில் சிக்கியது. தொலைபேசியில் கெஞ்சினாள். "டோரீன், பதினேழாவது மட்டும் எடுத்துடலாமே? செத்துப்போன புருஷன் வந்து டான்ஸ் ஆடுறான். பேய்க்கதை இல்லியே இது. யாரும் நம்ப மாட்டாங்க."

"சட்டையில்லாம பனியில நிக்கிறவன நம்புவாங்களா?"

"அது... வேற."

"அந்த அத்தியாயத்துக்காகத்தான்மா மத்த முப்பதையும் எழுதினேன். அது இருக்கும்."

புத்தகம் வந்த அதே வாரம் மாடுகள் விற்றுப் போயின. மழை பொய்த்து மூன்றாவது வருஷம். வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, வெண்டலின் முழங்காலும் கட்டுப்படியாகவில்லை. வியாழக்கிழமை லாரிகள் வந்தன. ஏற்றும்போது கன்றைப் பிரிந்த பசுக்கள் கத்திய கத்தல் லாரி போன பிறகும் முற்றத்தில் கிடந்தது. திங்கட்கிழமை வெண்டலின் மகள் அரிசோனாவிலிருந்து வந்து அவனைக் கூட்டிப்போகிறாள். அங்கே பனியே கிடையாதாம், நீச்சல் குளம் இருக்கிறதாம். வெண்டல் இதைச் சொன்ன விதத்துக்குச் சிறைத் தண்டனை விவரம்கூடக் கொஞ்சம் கலகலப்பாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் ஊர் நூலகத்தில் புத்தக வாசிப்பு. ஒரே அறை, மடக்கு நாற்காலிகள், எலுமிச்சைக் கேக், வாளி காப்பி. நூலகர் ஓபல் பதினைந்து பேரை எதிர்பார்த்தாள், வந்தவர்கள் ஊரைவிட அதிகம் என்று டோரீன் பின்னால் சொல்லப் போகிறாள். வெண்டல் கடைசி வரிசையில் கதவோரம், தொப்பி முழங்காலில்.

டோரீன் பதினேழாம் அத்தியாயத்தைத் திறந்தாள். புத்தகத்தை மேசையில் வைத்துப் படித்தாள். இதில் அவள் தன் புளுகை எல்லாம் கொட்டியிருந்தாள். வெண்டலுக்காகவே கொட்டியிருந்தாள். தன்னைப் பற்றி எதையும் ஒப்புக்கொள்ளாதவன் அவன், ஆனால் தப்பான விவரத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்த வரலாறு கிடையாது. செத்த புருஷன் வாசலில் குதிரையோடு வந்து நிற்கிறான். சபை சிரித்தது. வெண்டல் அசையவில்லை. பிடில் பாட்டு வேகமெடுக்க, மாவுக் கிண்ணம் கவிழ, இருவரும் வெள்ளைப் பூதங்களாகச் சுற்றுகிறார்கள். சிரிப்பு கூடியது. வெண்டலின் பூட்ஸ் தரையில் ஒருமுறை உரசியது. டோரீனுக்குக் கேட்டது. அவள் இன்னும் மெதுவாகப் படித்தாள்.

"'அவன் தண்ணீரில் மிதக்கிற இலை போல ஆடினான். சுற்றிச் சுற்றி ஆடியும் அவள் காலை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.'"

நிறுத்தினாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. தண்ணீர் குடித்தாள். தீவனக் கடைக்காரன் கொட்டாவி விட்டான். அவ்வளவுதான் போல, திங்கட்கிழமை கார் வரும், அந்த நடனம் கனவாகவே அரிசோனாவுக்குப் போய்விடும் என்று டோரீனுக்குத் தோன்றியது. பக்கத்தைத் திருப்பக் கை வைத்தாள்.

"மிதிச்சேன்."

எல்லாத் தலையும் திரும்பியது. ஓபல் பாதிக் கேக்கோடு, "என்ன வெண்டல்?" என்றாள்.

வெண்டல் எழுந்து நின்றான். முழங்கால் இரண்டு தவணையாகத்தான் நிமிர்ந்தது. "ரெண்டு தடவ மிதிச்சேன். எடது கால்ல. அவ வெறுங்காலோட நின்னா. என் பூட்ஸ்ல பனிக்கட்டி ஒட்டியிருந்துது." தொப்பியை விளிம்பைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "ராய்ஸ்தான் நல்லா ஆடுவான். எனக்கு வராது."

யாரும் சிரிக்கவில்லை.

"பிடிலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. புயல்ல எந்த ஸ்டேஷனும் எடுக்கல. மாட்டுச் சந்தை நிலவரம் படிச்சிட்டிருந்தான் ஒருத்தன். கிடாரி என்ன விலை, காளை என்ன விலைன்னு. அதுக்குத்தான் ஆடினோம். அவன் முடிக்கிற வரைக்கும்."

அப்போது டோரீனுக்கு அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் பாட்டு என்று நினைத்திருந்தது, மூக்கால் பேசுகிற ஒரு ஆள் ஒரே சுருதியில் எடையும் விலையும் ஒப்பித்துக்கொண்டே போனதுதான். கோட்டுக்குள்ளே ஒரு நெஞ்சு அழுகையை அடக்கிக்கொண்டு குலுங்கியதும் கூடவே வந்தது.

மேசைக்கு அடியில் அவளுடைய இடது கால், யாருக்கும் தெரியாமல், செருப்பிலிருந்து வெளியே வந்து குளிர்ந்த தரையில் ஊன்றியது.

"அப்ப நடந்துச்சா, வெண்டல்?" ஊரையே கட்டிப்போடுகிற குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை.

வெண்டலுக்குக் கேட்டது. கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். சுற்றிக்கொண்டிருந்த தொப்பி கையில் நின்றது.

"நடந்துச்சு, டோரீன்."