தாழ்ப்பாள் இருந்த ஓட்டை

நான் வழுக்கி விழுந்தது குளியலறையில். அக்கா கழற்றிப் போட்டது என் படுக்கையறைத் தாழ்ப்பாளை. எந்த ஊர் நியாயம் இது? கேட்டால், "உனக்குப் புரியாதுடி" என்பாள். எனக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக முப்பத்தைந்து வயதுப் பொம்பளை பாவாடை மாற்றும்போது கதவைத் தள்ளிக்கொண்டு வருவதா? மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கைவிரிப்பு மடிக்கிறேன். அங்கே மேற்பார்வையாளர்கூடத் துணி மாற்றும் அறைக் கதவைத் தட்டுவார்.

போன வாரம் ஓர் ஆராய்ச்சிக்காரம்மா என் அறைக்கு வந்தார். என்னை மாதிரி ஆட்கள் தங்கள் விஷயத்தில் தாங்களே முடிவெடுக்கிறார்களா என்று பார்க்கும் ஆராய்ச்சியாம். கையில் இரண்டு அட்டை. பிடித்திருந்தால் சிரிக்கிற மூஞ்சியைக் காட்ட வேண்டும், பிடிக்காவிட்டால் அழுகிற மூஞ்சியை. எரிச்சலுக்கு அட்டை இல்லை. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

"உங்க டிரஸ்ஸெல்லாம் யாரு எடுக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்து உட்கார்ந்திருந்த அக்கா, "அவளுக்கு மஞ்சள்னா உசுரு" என்றாள்.

மஞ்சளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"அவங்களே சொல்லட்டுமே."

"அவளுக்குச் சொல்லத் தெரியாதுங்க."

வந்ததே எனக்குக் கோபம்! அழுகிற மூஞ்சியை எடுத்து அக்கா கையில் திணித்தேன். "இதை வச்சுக்கிட்டு வெளிய போ."

போனவள் சும்மா இருந்தாளா? கதவைத் திறந்து டீ வேணுமா என்றாள். மறுபடி திறந்து ஃபேன் போடவா என்றாள். ஆராய்ச்சிக்காரம்மா நாற்காலியை இழுத்துக் கதவோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த நிமிஷமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"இப்ப சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

"தாழ்ப்பாள்."

"எதுக்கு?"

"டிரஸ் மாத்தணும். சில நாள் அழணும். அவ முன்னாடி அழுதா உடனே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிடறா."

"உங்க அக்காகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம். எனக்கு வாய் இருக்கு."

அன்று சாயங்காலமே சொன்னேன். அக்கா கண்ணைக் கசக்கினாள். "உள்ள விழுந்து கெடந்தா யாருக்குடி தெரியும்?"

"கத்துவேன். என் தொண்டையப் பத்தி உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

காலையில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஓட்டை அப்படியேதான் இருந்தது. வெளியே டொக் டொக் என்று சத்தம்.

"யாரு?"

"நான்தான்டி. வரலாமா?"

உடுத்தித் தலைவாரிக் கட்டிலில் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். "வராத" என்றேன்.

கதவு அசையவில்லை. அக்கா வெளியே நிற்பது ஓட்டை வழியாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆசைதீர அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, "ம், இப்ப வா" என்றேன்.