புலம்பல் பக்கம்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. உயிரியல் ஆய்வு நிலையத்தின் ஐந்து ஆய்வகங்களும் தங்கள் சோதனை விவரங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும், அதற்குப் பொதுக் களஞ்சியம் என்று பெயர், அதைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு என்று இயக்குநர் கூட்டத்தில் அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று முதல் அவள் படியேறினாலே, "களஞ்சியம் வருது, கதவைச் சாத்து" என்று ஒரு குரல் கேட்கும்.

தலையாட்டியதோடு சரி. செல் வளர்ப்பு ஆய்வகம் கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பை அனுப்பியது, கடவுச்சொல்லை அனுப்பவில்லை. தரைத்தளத்தில் தவளை வளர்க்கும் தாடிக்காரர் ஒரு தவளையின் படத்தை அனுப்பி, "நல்லா வந்திருக்கு பாருங்க" என்று எழுதியிருந்தார். இரண்டாம் மாடி மீன் ஆய்வகத்திலிருந்து அதுகூட வரவில்லை.

அதுதான் அவளுக்கு உறுத்தியது. மீன் ஆய்வகத்தின் தலைவி அவளுடைய சொந்த அண்ணி. ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை.

"அண்ணி, நீங்களே தரலைன்னா மத்தவங்க எப்படித் தருவாங்க?"

"எனக்கென்ன, முதல்ல அவங்க தரட்டும்."

"அவங்களும் இதையேதான் சொல்றாங்க."

"பார்த்தியா, நாங்க எவ்வளவு ஒத்துமையா இருக்கோம்!"

அண்ணி கஞ்சம் இல்லை. ஒருமுறை ஒரு மாநாட்டில் பாதி முடிந்த வேலையை மனம்விட்டுச் சொல்லிவிட்டு வந்தாள். மீதிப் பாதியை வேறு யாரோ முடித்துத் தங்கள் பெயரில் வெளியிட்டுவிட்டார்கள். பட்ட சூடு இன்னும் ஆறவில்லை.

வழி காட்டியது காபி இயந்திரம். அதன் முன்னால் வரிசையில் நிற்கும்போது மட்டும் இந்த அழுத்தக்காரர்கள் எல்லோருக்கும் வாய் திறந்துகொள்வதை அவள் கவனித்தாள். எதற்கு? புலம்புவதற்கு. செல்லில் பூஞ்சை, எலி குட்டி போடவில்லை, செடி வாடிவிட்டது. வெற்றியைப் பூட்டி வைப்பவர்கள் தோல்வியை வாரி வழங்கினார்கள்.

உடனே களஞ்சியத்தில் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். 'எது சரிவரவில்லை?' என்று தலைப்பு. முடிவுகள் வேண்டாம், சொதப்பியதை மட்டும் எழுதுங்கள்.

"பேர் போடக் கூடாது. அப்படின்னா நானும் எழுதறேன்" என்றாள் அண்ணி. சரி, பெயர் இல்லை.

அவ்வளவுதான், அணை உடைந்தது போல் வந்து கொட்டியது. "மூணு மாசம் வளர்த்தது எல்லாம் பூஞ்சை. பேசாம பூஞ்சை ஆராய்ச்சிக்கே போயிடலாம்னு இருக்கேன்" என்று ஒருவர். அதற்குக் கீழே, "வாங்க, எங்ககிட்டயும் நிறைய இருக்கு" என்று இன்னொருவர்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி அந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. சத்தமாகப் படித்தாள்: "முட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. திடீர்னு ஒரு வாரம் மொத்தமா வெளுத்துச் செத்துடுது. அப்புறம் தானா சரியாயிடுது. கூட வேலை பார்க்கறவங்களத் திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்குது."

நிமிர்ந்தாள். "இது என் கதை. ஆனா நான் எழுதலையே!"

அண்ணியின் ஆய்வகத்திலும் அதே சாவுதான். முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வு மாணவியிடம், இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு இடம் தேடிக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள்.

"யார் எழுதினது இது?"

"சொல்ல மாட்டேன். பேர் வேண்டாம்னு சொன்னது நீங்கதான்."

"நான் உன் அண்ணி."

"இங்க அண்ணி. அங்க நீங்க இரண்டாம் மாடி."

பல் மருத்துவரான அண்ணன் "சபாஷ்" என்றான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாகத் தண்ணீர் குடித்தான்.

"வேண்டாம், சொல்லாத. எலி முட்டை போடாது, செடி முட்டை போடாது" என்று அண்ணி விரல் மடக்கினாள். "தாடிதான்!"

நுண்ணோக்கியை யார் முதலில் கேட்டது என்ற சண்டைக்குப் பிறகு அண்ணியும் தாடிக்காரரும் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. மறுநாள் காலை அண்ணி விறுவிறுவென்று தரைத்தளத்துக்குள் நுழைந்தாள். இவளும் பின்னாலேயே ஓடினாள். நாமே சண்டைக்குக் கதவு திறந்துவிட்டோமோ?

"உங்களுக்கு எந்தெந்த வாரம் செத்துச்சு?" என்று அண்ணி கேட்டாள். வணக்கம்கூட இல்லை.

தாடிக்காரர் திகைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்க மேடம்."

இருவரும் வாரங்களைச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாமே ஒன்றாக இருந்தன. மீனுக்கும் தவளைக்கும் பொதுவாக இந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது? மூன்று பேரும் ஒரே நேரத்தில் குழாயைப் பார்த்தார்கள்.

மொட்டைமாடியில் தண்ணீர் சுத்திகரிப்பைக் கவனிக்கும் பொறியாளர் பதறிப்போனார். "குழாய் கழுவ மருந்து விடறப்பல்லாம் மெயில் போடறேனே! ரெண்டு நாள் தண்ணி பிடிக்காதீங்கன்னு தெளிவா எழுதறேன்!"

அவள் அந்த மெயில் முகவரிகளை வாங்கிப் பார்த்தாள். எல்லோரும் ஆய்வகங்களின் பழைய தலைவர்கள். சிலர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் ஓய்வில் இருக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறாமல், "தகவலுக்கு நன்றி" என்று பதில் போட்டிருந்தார்.

தாடிக்காரர் வெடித்துச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. நேராக இரண்டாம் மாடிக்குப் போய் மாணவியின் முன்னால் நின்றாள்.

"முட்டை செத்தது தண்ணியால. நான் உன்னத் திட்டினது என் தப்பு. மன்னிச்சிடு."

அந்தப் பெண் ஓவென்று அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதும், சூட்டோடு சூடாக ஒரு வாரம் விடுப்பு கேட்டாள். கிடைத்தது.

அன்று மதியமே அண்ணி முட்டைக் கணக்கு முழுவதையும் தன் பெயர் போட்டே களஞ்சியத்துக்கு அனுப்பினாள். போட்டிக்குத் தாடிக்காரரும் அனுப்பினார். இரண்டு கணக்கையும் இவள் ஆசையாக ஒன்று சேர்த்துப் பார்த்தாள். சேரவில்லை. இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பொரியலைன்னா செத்ததுன்னுதான் நான் போடுவேன்" என்றார் தாடிக்காரர்.

"அதெப்படி? இதயம் துடிக்கற வரைக்கும் என் கணக்குல அது உயிரோடதான் இருக்கு!"

"துடிக்குதான்னு ஒவ்வொண்ணா யார் மேடம் பார்த்துட்டிருக்கறது?"

"நாங்க பார்க்கறோமே!"

இருவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். "நீயே சொல்லு, எது சரி?"

எது சரியென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இத்தனை நாளில் இன்றுதான் உண்மையான வேலை தொடங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.