இரண்டு பள்ளிக்கூடத்து மௌனிகா

அந்த ஊரில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று யாரும் தலையை உடைத்துக்கொள்வதில்லை. பிள்ளையை மேலத்தெரு அரசுப் பள்ளியிலும் கீழத்தெரு அரசுப் பள்ளியிலும் ஒரே காலையில் சேர்த்துவிடலாம். சாயங்காலம் இரண்டு பிள்ளைகள் வீடு திரும்பும். பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, நன்றாக வந்ததை வைத்துக்கொண்டு, மற்றதை அது வந்த பள்ளிக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கும் பிள்ளை எண்ணிக்கை வேண்டுமல்லவா, முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

கோகிலவாணிக்கு இதில் துளியும் பயமில்லை. பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, கறை, தையல் பிசகு எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மகள் மௌனிகாவை விட்டால் அவளுக்கு வேறு நாதி கிடையாது. நல்ல பள்ளிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பக்கத்து வீட்டு ஈஸ்வரியிடம் விசாரித்தாள்.

"மேலத்தெருவுல கக்கூசுக்குத் தாப்பா இருக்குது. கீழத்தெருவுல கணக்கு டீச்சர் இருக்கறாங்க."

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்காதுங்களாக்கா?"

"அதெப்படி இருக்கும்?"

"நீங்க உங்க பையன எப்படிப் பாத்து எடுத்தீங்க?"

ஈஸ்வரி ரேஷன் பையை உதறி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரேஷன் கடைக்குக் கீழத்தெரு வழியாகப் போனால் பக்கம். ஆனால் அவள் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போவாள். சாயங்கால மணி அடித்த பிறகும் அந்தப் பள்ளிக்குள் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே இருக்கும். திருப்பிக் கொடுத்த பிள்ளைகள் சொல்வது. அதில் ஒரு குரல் அவளுடைய பையனுடையது. இத்தனைக்கும் பையன் வீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பான்.

முதல் நாள் சாயங்காலம் இரண்டு மௌனிகாக்கள் வந்தார்கள். ஒரே ரிப்பன், முட்டியில் ஒரே சிராய்ப்பு. மேலத்தெரு மௌனிகா வீட்டிலிருந்த கதவையெல்லாம் தாழிட்டாள். கீழத்தெரு மௌனிகா வீட்டிலிருந்த கரண்டியையெல்லாம் எண்ணினாள்.

கோகிலவாணி இரண்டு பேரையும் டியூப்லைட் அடியில் நிறுத்தினாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் பார்த்தாள். வகிட்டைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

"நீ யாரு கண்ணு?"

"உன்ற புள்ள."

"நீ?"

"நானுந்தான்."

படுக்கும்போது இரண்டு பேரும் அவள் வயிற்றின் மேல் காலைப் போட்டார்கள். பாசம் பாதியாகப் பிரியும் என்று நினைத்திருந்தாள். பிரியவில்லை, இரண்டு மடங்காகிவிட்டது.

மாதங்கள் போயின. அவள் யாரையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியில் மேலத்தெருத் தலைமையாசிரியரே வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"ஒண்ணத் திருப்பிக் குடுத்துருங்கம்மிணி."

"முடியாதுங்க சார். ரெண்டுமே என்ற புள்ளைங்க."

"அப்படீன்னா வெள்ளிக்கெழம பெற்றோர் கூட்டத்துக்கு ரெண்டு பள்ளிக்கோடத்துக்கும் வந்துருங்."

"ரெண்டும் ஒரே நேரமுங்களே."

"ஆமாங்," என்றார் அவர். "ஒரே நேரந்தான்."

வெள்ளிக்கிழமை அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவளுக்கே நினைவில்லை. மேலத்தெருப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். அவளும் கைதட்டினாள்.

வீடு திரும்பியபோது உள்ளே தோசை வாசம் வந்தது. அடுப்படியில் ஒரு பெண் அதே புதுச்சேலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கீழத்தெருக் கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. மௌனிகாக்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்," என்றாள் அந்தப் பெண்.

"அம்மா, லைட்டுக்கு அடீல வந்து நில்லு," என்றாள் ஒரு மௌனிகா. "ரெண்டு பேரும்."

நின்றார்கள். பிள்ளைகள் கழுத்தைப் பார்த்தார்கள். காதுக்குப் பின்னால் பார்த்தார்கள். கோகிலவாணி மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தாள். பக்கத்தில் நின்றவளும் அப்படித்தான் இருந்தாள்.

மாதக்கணக்கில் அவளால் முடியாத காரியம், தட்டிலிருந்த தோசை ஆறுவதற்குள் பிள்ளைகளுக்கு முடிந்துவிட்டது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசக்கூட இல்லை.

மேலத்தெரு மௌனிகா வாசலுக்குப் போய் கோகிலவாணியின் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். கீழத்தெரு மௌனிகா ஒரு தோசையை இலையில் சுற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"பள்ளிக்கோடத்துல பசிக்குமல்ல," என்றாள்.

கோகிலவாணி வாங்கிக்கொண்டாள். அவள் படியிறங்கியதும் பின்னால் கதவு தாழிடும் சத்தம் கேட்டது.