வயருக்குள் ஏறிய ஆயில்

மருமகன் ஜெரி சோற்றுக்கு உட்கார்ந்தால் கன்னியம்மாள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். காரணத்தை அவள் மறைத்ததில்லை. மகள் தேசராணி விரும்பிக் கட்டிக்கொண்டவன், வேறு மதம், அதையெல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் எதைக் கேட்டாலும் தெரியும் என்கிற அந்த வாயை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. மிக்ஸி ஓடாவிட்டாலும் அவனுக்குத் தெரியும், மோட்டாரில் தண்ணீர் ஏறாவிட்டாலும் தெரியும். தெரிந்ததெல்லாம் போனில் பார்த்தது.

காத்திவாக்கத்தில் இறால் எடுத்து ராயபுரத்து ஓட்டல்களுக்குப் போடுவது கன்னியம்மாளின் தொழில். அதற்கென்று ஒரு மினி லாரி வைத்திருந்தாள். ஓட்டுவது ஜெரி. கொஞ்ச நாளாக வண்டி நடுரோட்டில் திடீரென்று அணைந்துபோனது. ஜெரி இறங்குவான், இன்ஜினுக்குள் கையை விட்டு ஒரு சாக்கெட்டைப் பிடுங்குவான், துணியால் துடைத்து மாட்டுவான். வண்டி கிளம்பிவிடும். ஐஸ் ஏற்றும் இடத்திலும் இதே கூத்து நடக்கும்.

"இன்னா மாப்ள, பேய் ஓட்டிகினு கீறியா?"

"சென்சார்ல லைட்டா தூசி அத்தே. துட்ச்சிட்டேன்."

"உன் மண்டைலயும் அதான் கீது. அத்த யாரு துடைக்கிறது?"

ஐஸ் ஏற்றும் ஆட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஜெரியின் காதில் விழும்படி கன்னியம்மாள் குரலை ஏற்றியே பேசுவாள்.

ஒருநாள் காலை கன்னியம்மாள் காத்திவாக்கத்திலேயே தங்கி அடுத்த லோடுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். ஜெரியும் தேசராணியும் சரக்கோடு ராயபுரத்துக்கு வண்டியில் போனார்கள். எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி அணைந்தது. பின்னால் வந்த டிரெய்லர்காரன் பிரேக்கை மிதித்தும் முழுசாக நிற்கவில்லை. பின்கதவில் ஓர் இடி. இறால் பெட்டிகள் ரோட்டில் சிதறின. தேசராணியின் நெற்றி முன்கண்ணாடியில் மோதிக் கிழிந்தது.

கன்னியம்மாள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு மகள் தானே நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் பார்வை ஜெரி பக்கம் திரும்பியது. காறித் துப்பினாள்.

மூவருமாக வண்டியைத் திருவொற்றியூரில் அசோகனின் ஷெட்டுக்கு இழுத்துப் போனார்கள். அசோகன் வண்டி வயரிங் வேலை பார்ப்பவன். யாருக்கும் மரியாதை கொடுத்துப் பழகாதவன். இன்ஜின் ஓரத்தில் இருந்த ஆயில் பிரஷர் சென்சாரின் சாக்கெட்டைப் பார்த்ததுமே அவன் முகம் கோணியது. அதைச் சுற்றிலும் கசிவை அடைக்கிற சிவப்பு பேஸ்ட் அப்பிக் கிடந்தது.

"எந்தக் கொத்தனார் பூசுன வேல இது?"

அசோகன் பேஸ்ட்டைச் சுரண்டி சாக்கெட்டைப் பிடுங்கினான். உள்ளேயிருந்து கறுப்பு எண்ணெய் வழிந்தது. பிறகு மேலே இன்ஜினை நடத்துகிற இசிஎம் பெட்டியின் சாக்கெட்டைக் கழற்றினான். அங்கேயும் எண்ணெய்.

"கீய கீற ஆயிலு அம்மாம் மேல எப்டி போச்சு?" என்றாள் கன்னியம்மாள்.

அசோகன் ஒரு வயரை வெட்டினான். ரப்பரை உரித்துக் கம்பியை விரலால் பிதுக்கினான். நுனியில் ஒரு சொட்டு நின்றது.

"வெளக்குத் திரில எண்ண ஏறுதில்ல, அது மாதிரி. சென்சார் உள்ளார ஒட்ஞ்சிகீது. ஆயிலு கம்பி வயியா ஏறிகினே போயி பெட்டில பூந்துட்ச்சி. பெட்டி இன்ஜின நிறுத்திட்ச்சி. வெளிய ஒயுகிகினு இருந்தாலாவது கண்ணுல பட்டிருக்கும். இவுரு பேஸ்ட்ட அப்பி மூடிகீறாரு."

கன்னியம்மாள் ஜெரிக்கு நேராக வந்து நின்றாள். "மாப்ள, ஆயில் வர்றது உனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தே."

"தூசின்னியே."

ஜெரி தரையைப் பார்த்தபடி சொன்னான். "மெக்கானிக்காண்ட போலாம்னு சொன்னா, இதுகூட தெர்லியா உனுக்குன்னு நாலு பேரு எதிர்ல கேப்ப. அதான் நானே சரி பண்ணிக்கலாம்னு பாத்தேன்."

சொன்னது பொய்யில்லை என்று கன்னியம்மாளுக்குத் தெரிந்தது. அப்படித்தான் கேட்டிருப்பாள். தெரிந்ததனால் கோபம் தணியவில்லை, இன்னும் கசந்தது.

"என் வாய்க்குப் பயந்துகினு என் பொண்ண டிரெய்லருக்கு முன்னால நிறுத்துனியா? நீயெல்லாம் ஒரு ஆம்பள."

அசோகன் யாரையும் கண்டுகொள்ளாமல் வேலையில் இறங்கினான். புது சென்சார் மாட்டினான். பெட்டிச் சாக்கெட்டின் பின்களில் ஸ்பிரே அடித்து, காற்றடித்து, எண்ணெய் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தான்.

"ஸ்பிரே அட்ச்சா போதும்ணே, வயர் மாத்த வாணாம், வீடியோல பாத்தேன்" என்றான் ஜெரி. இவ்வளவுக்குப் பிறகும் அந்த வாய் அடங்கவில்லை.

"அப்ப அந்த வீடியோல கீறவனாண்ட வண்டிய எட்த்துகினு போ" என்றான் அசோகன். "ஆயில் குட்ச்ச வயர வுட்டா கக்கிகினே கெடக்கும்." எண்ணெய் ஏறிய வயர்களை முழு நீளத்துக்கும் உருவி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தான்.

வேலை முடிந்து இன்ஜின் சீராக ஓடியது. ஜெரி சாவிக்குக் கை நீட்டினான். அதுவரை பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்த தேசராணி எழுந்து வந்து சாவியை வாங்கிக்கொண்டாள். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள். பொம்பளை வண்டி ஓட்டினால் மார்க்கெட்டில் கேலி செய்வார்கள் என்று கன்னியம்மாள்தான் ஓட்ட விடவில்லை.

"தல தையல் பிரியப் போவுது, சாவியக் குடுடி" என்றாள் கன்னியம்மாள்.

"உன் வாயி ஒரு பக்கம், இவன் பொய்யி ஒரு பக்கம். ரெண்டும் கலீஜ். ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லன்னா பஸ்ல வாங்க."

இருவரும் ஏறினார்கள். ஒரே சீட்டில் தோள் இடிக்க உட்கார வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து வண்டி தேசராணியின் கைக்குப் போனது. ஜெரி பெட்டி தூக்கினான். கன்னியம்மாள் அவனைக் கேலி செய்வதையே நிறுத்திவிட்டாள். கேலிக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று முடிவு கட்டியிருந்தாள். ஐஸ் ஆட்களுக்குத்தான் சப்பென்றிருந்தது. அத்தை ஒருவழியாகத் தன்னை மதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று ஜெரி அவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.